வேந்தன் சென்ட்டும் ஆண் ஈக்களும்

"மனுஷனுக்கு இந்த மாதிரி ஒண்ணு இருக்கா மேடம்?" என்று ஜெகதீஷ் கேட்ட அன்று ரஞ்சிதா சரியான பதிலைத்தான் சொன்னாள். கேட்டது ஜெகதீஷ் என்பதுதான் கோளாறு.

ஓசூர் சிப்காட்டில், ஒரு பெரிய வார்ப்பட ஆலைக்கும் டயர் குடோனுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது அவர்கள் கம்பெனி. விவசாயிகளுக்கு இனக்கவர்ச்சிப் பொறி செய்வது தொழில். பெண் அந்துப்பூச்சி இருட்டியதும் வயிற்று நுனியிலிருந்து ஒரு வாசனையை விடும். காற்றில் அது துளி கலந்தால் போதும், எங்கேயோ கிடக்கும் ஆண் பூச்சி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். அதே வாசனையை ஆய்வகத்தில் செய்து, சின்ன ரப்பர் குப்பியில் ஏற்றிப் பொறிக்குள் தொங்கவிட்டால், பெண்ணைத் தேடி வந்த ஆண் பிளாஸ்டிக் பைக்குள் விழுந்து சாகும். கத்திரிக்காய்ப் புழுவுக்கு ஒரு வாசனை, தக்காளிக்கு வேறு, மக்காச்சோளத்துக்கு வேறு. ஒன்றின் வாசனைக்கு இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காது.

ரஞ்சிதா அங்கே தரக்கட்டுப்பாட்டில் இருந்தாள். எம்.எஸ்ஸி. வேதியியல். ஜெகதீஷ் விற்பனை மேலாளர். எம்.பி.ஏ. அந்தக் கம்பெனிக்கு வந்து இத்தனை வருஷத்தில் பொறியைப் பற்றி அவன் கற்றுக்கொண்டது, அட்டைப்பெட்டியில் எப்படி அடுக்கினால் அதிகம் கொள்ளும் என்பதை மட்டும்தான்.

அன்றைக்கு அவளுக்கு வேலை குறைவாக இருந்ததால் பொறுமையாகவே சொன்னாள். "ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி சார். கிடா இருக்குல்ல, பருவத்துல தன் தாடியிலயே மூத்திரம் பெஞ்சுக்கும். அந்த நாத்தத்துக்குத்தான் பெட்டையாடு பருவத்துக்கே வரும். ஆண் பன்னி எச்சில்ல ஒரு வாசன உண்டு, அத மோந்தா பெண் பன்னி அசையாம நின்னுரும். மனுஷனுக்கு அப்படி ஒரு பொருள் இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. ஒருத்தர் உடம்பு வாசன இன்னொருத்தருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அத பாட்டில்ல அடைக்க முடியாது."

ஜெகதீஷின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சொன்னதில் அவன் காதில் விழுந்தது 'இதுவரைக்கும் யாரும்' என்ற இரண்டு சொல்.

"அப்போ மார்க்கெட் காலியா இருக்கு!" என்றான்.

இப்படிப்பட்ட ஒருவனுக்கு ரஞ்சிதா கழுத்தை நீட்டச் சம்மதித்தாள் என்றால் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். அவளே பாதி நம்பவில்லை.

அவளுடைய அப்பா கருப்பசாமி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இளவயதில் லேத் வேலைக்கு ஓசூர் வந்து மூக்கண்டப்பள்ளியில் சொந்த வீடு கட்டுமளவுக்கு நிலைத்துவிட்டார். ஜெகதீஷின் குடும்பம் சாத்தூர். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே ஆட்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா நாகம்மாள் ஒற்றைக் காலில் நின்றாள். "நம்ம பக்கத்துப் பையன். குடி கிடையாது. இங்கனக்குள்ளயே வீடு. இன்னும் என்னட்டி யோசன? வயசு என்ன பின்னாலயா போகுது?"

அம்மாவுக்காகத்தான் ஒத்துக்கொண்டதாக ரஞ்சிதா தன் தோழிகளிடம் சொன்னாள். அது முழு உண்மை இல்லை.

ஒருநாள் மதியம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, குடோன் அடுப்பாகக் கொதித்தது. அவசர லோடு. ஆள் பற்றாமல் ஜெகதீஷே சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெட்டிகளைத் தூக்கினான். சரக்கைச் சரிபார்க்கப் போன ரஞ்சிதா அவன் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அவன் மேலிருந்து வியர்வை வாசனை வந்தது. அப்போதுதான் அறுத்த மரத்தூள் மாதிரி, கொஞ்சம் உப்புக் கலந்து. பார்த்து முடித்த லேபிளை அவள் மறுபடி பார்த்தாள். அங்கேயே நின்றாள். காதோரம் சூடேறியது. இவ்வளவு படித்து, நாளெல்லாம் வாசனையை அளந்து பிழைக்கிற மூக்கு, போயும் போயும் இந்த ஆளிடமா போய் விழ வேண்டும் என்று அவளுக்குத் தன் மேலேயே இளக்காரமாக இருந்தது. ஆனாலும் பெண் பார்க்க வந்தபோது தலையாட்டினாள். பூ வைத்துப் புடவை கொடுத்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்குள் ஜெகதீஷ் முதலாளி பூபதியைப் பிடித்துவிட்டான். பூபதி தனக்குப் புரியாத எதையும் உடனே நம்பிவிடுகிற மனிதர். புரிகிறது என்றால்தான் சந்தேகப்படுவார். "சார், நம்ம கம்பெனி பூச்சிக்குப் பண்றத மனுஷனுக்குப் பண்ணப்போறோம்" என்று ஜெகதீஷ் ஒரு வரியில் சொன்னதும் அவர் மேஜையைத் தட்டி எழுந்துவிட்டாராம்.

சென்ட்டுக்கு 'வேந்தன்' என்று பெயர் வைத்தார்கள். பாட்டில் மேல் ஒரு சிங்கம், அதற்கு ஜிம்முக்குப் போன மனிதனின் வயிறு. அதன் கீழே தங்க எழுத்தில்: 'மூச்சில் விழுவாள்'. யார் விழுவாள், எங்கே விழுவாள், விழுந்தவளை என்ன செய்வது என்பதெல்லாம் போட இடமில்லை போலிருக்கிறது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் யாரோ ஒருவன் கலக்கி, பாட்டிலில் அடைத்துக் கொடுத்தான். வாங்க ஆளா இல்லை? சிப்காட்டைச் சுற்றி ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு, ஷிஃப்ட்டுக்குப் போய் வந்து, ஒரு பெண்ணிடம் 'டைம் என்ன' என்று கேட்கக்கூட நாக்கு எழாமல் இருக்கிற பையன்கள் எத்தனை பேர். அவர்கள் மேல் ரஞ்சிதாவுக்குப் பரிதாபம் உண்டு. பேசக் கற்றுக்கொள் என்று சொல்வதை விட்டுவிட்டு, பீய்ச்சிக்கொள் என்று சொல்கிற இவர்கள் மேல்தான் இல்லை.

சாம்பிள் வந்த நாளிலிருந்து ஜெகதீஷ் அதில் குளித்தான். கழுத்து, அக்குள், மணிக்கட்டு, கைக்குட்டை, கார் சீட்டு. அவன் வருவதற்கு முன்னாலேயே மாடிப்படியில் அவன் வாடை வந்து நின்றது. பேக்கிங்கில் வேலை பார்க்கும் கெலமங்கலத்துச் சென்னம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க கிடாவே வருசத்துல கொஞ்ச நாளு தான் மேடம் இப்பிடி இருக்கும். சாருக்கு தினமுமா?"

ரஞ்சிதா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் அவள் கவனித்தது வேறு. அந்த மரத்தூள் வாசனை காணாமல் போயிருந்தது. எத்தனை பக்கத்தில் நின்றாலும் இல்லை. அவனிடம் இருந்த ஒரே உருப்படியான சரக்கு அதுதான். அதைக் கடைச்சரக்கைப் போட்டு மூடிவிட்டு, பெண்களை வளைக்கக் கிளம்பியிருந்தான்.

ஜூன் பிறந்த சமயம் ஒருநாள் அவன் ஆய்வகத்துக்குள் வந்தபோது அந்தச் சென்ட்டின் அடியில் வேறொரு வாசனை தட்டியது. கிராம்பு மாதிரி, இனிப்பாக. வாரத்தில் பாதி நாள் அவள் கையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் வாசனை.

"நம்ம மெத்தில் யூஜினால எடுத்தீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டியே!" என்றான் பெருமையாக. நிச்சயம் ஆனதிலிருந்து 'மேடம்' போய் 'நீ' வந்திருந்தது. "புது பேட்ச்ல சேர்த்திருக்கோம் ரஞ்சி. ட்ரம் மேல என்ன போட்டிருக்கு? அட்ராக்டன்ட். ஈர்க்கிற பொருள்! நம்ம குடோன்லயே வச்சுக்கிட்டு வெளிய தேடிட்டு இருந்தோம் பாரு."

ரஞ்சிதா கையுறையைக் கழற்றி வைத்தாள்.

"அது மாங்காயத் துளைக்கிற பழ ஈக்கு. அதுலயும் ஆண் ஈக்கு மட்டும்தான். ஆண் ஈ இத மோந்து வந்து நக்கும், உள்ள போனத வச்சுத் தன் வாசனையத் தயார் பண்ணும், அப்புறம் சாயங்காலம் அதக் காட்டிப் பெண் ஈயக் கூப்பிடும். பெண் ஈகூட இதுக்கு நேரா வராது. மனுஷி எங்க இருந்து வருவா?"

"பாத்தியா, கடைசில பொண்ணு வருதுல்ல!"

"ஈயோட பொண்ணு."

அவன் சிரித்தான். அவள் சொல்வதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டவன் சிரிக்கும் சிரிப்பு.

"இன்னொண்ணு," என்றாள். "இத மேலுக்குப் போடுற பொருள்ல கலக்குறதுக்குப் பல நாட்டுல கட்டுப்பாடு இருக்கு. ஒடம்புக்கு நல்லதில்ல. இத வெளிய விடாதீங்க."

"நீ ரொம்ப படிக்கிற. அதான் பயம்."

வேந்தன் வெளியீட்டு விழாவை மத்தூர் பக்கம் முனிராஜ் என்பவரின் மாந்தோப்பில் வைத்திருப்பதாகச் சொன்னான். முனிராஜ் அவர்களிடம் பொறி வாங்குகிற பெரிய விவசாயி. தோப்பில் பந்தல் போட இடம் சும்மா கொடுத்திருக்கிறார். ஜெகதீஷுக்கு அதுதான் பெரிய விஷயம்.

"அங்க வேண்டாம். இது பழம் விழுற சமயம். தோப்பு பூரா ஈ இருக்கும். நான் வெளையாட்டுக்குச் சொல்லல ஜெகதீஷ். வேற எங்க வேணும்னாலும் வைங்க, மாந்தோப்புல மட்டும் வேண்டாம்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கொஞ்சலாகச் சொன்னான். "மாடல் பொண்ணு வர்றான்னு கேள்விப்பட்டியா? அதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணுமா? பொறாமப்படாத. அவ ஃபங்ஷனுக்கு மட்டும்தான்."

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. காதை வைத்துக்கொண்டு கேட்காதவனுக்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. பூபதியிடமும் போய்ச் சொன்னாள். அவர், "ஜெகதீஷ் பாத்துப்பான்மா" என்றார்.

விழாவுக்கு அலுவலகத்தில் உள்ள எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. காலையில் கம்பெனி வேனில் மத்தூர் போய் இறங்கியதும் ரஞ்சிதா கண்டது மேடையை அல்ல, தன் முகத்தை. பந்தலின் உயரத்துக்கு ஒரு பேனர். அவளுடைய அடையாள அட்டைப் படத்தை ஊதிப் பெருக்கி, வெள்ளைக் கோட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். கீழே: 'வேந்தனைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ரஞ்சிதா எம்.எஸ்ஸி.'

அவள் நேராக மேடைக்குப் போனாள். ஜெகதீஷ் கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டு, அதன் மேல் மறுபடி பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"யாரக் கேட்டு என் பேரப் போட்டீங்க?"

"உன்னக் கேக்கணுமா? ஆவணிக்கு அப்புறம் உன் பேரு என் பேருதான?"

"இறக்குங்க அத."

"ஃபங்ஷன் முடியட்டும். சீன் போடாத, டீலருங்க பாக்குறாங்க."

டீலர்கள், கடைக்காரர்கள், சிப்காட் விடுதிகளிலிருந்து வண்டி வைத்து அழைத்து வந்த பையன்கள் என்று பந்தல் நிறைந்திருந்தது. வாசலில் ஒருவன் நின்று, வருகிற ஒவ்வொருவர் மேலும் பன்னீர் தெளிப்பது போல வேந்தனைப் பீய்ச்சினான். பேனருக்கும், மேடைத் துணிக்கும், நாற்காலிகளுக்கும்கூட அடித்திருந்தார்கள். காற்று மேடையிலிருந்து தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. ரஞ்சிதா சென்னம்மாவைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம், பம்ப் ஷெட் ஓரம் போய் நின்றுகொண்டாள். அவள் மேல் அந்தச் சென்ட் ஒரு துளி இல்லை.

ஜெகதீஷ் மைக்கைப் பிடித்தான். "இயற்கையப் பாருங்க நண்பர்களே. சிங்கம் கெஞ்சுதா? காள கெஞ்சுதா? ஆம்பளன்னா வாசன. வாசனன்னா அதிகாரம்..."

முதல் ஈ அவன் காலரில் உட்கார்ந்தது. வீட்டு ஈயைவிட மெலிசு, குளவி மாதிரி இடுப்பு, கண்ணாடிச் சிறகு. தட்டிவிட்டுப் பேசினான். இரண்டாவது வந்தது. பிறகு எண்ணுவதற்கு நேரமில்லை. தோப்பின் நிழலிலிருந்து அவை காற்றை எதிர்த்து வந்தன, அவசரமே இல்லாமல், வீட்டுக்கு வருவது போல. கழுத்தில், காதில், கைக்குட்டையில், சட்டைப் பையில் உட்கார்ந்து நக்கத் தொடங்கின. கடிக்கவில்லை, கொட்டவில்லை. நக்கின, அவ்வளவுதான். விரட்டினால் எழுந்து ஒரு வட்டம் போட்டு அதே இடத்தில் உட்கார்ந்தன. பேனரில் ரஞ்சிதாவின் வெள்ளைக் கோட்டு தேன்கூடு மாதிரி கறுத்து அசைந்தது.

பந்தலில் முதலில் சிரிப்பு, பிறகு கூச்சல், பிறகு நாற்காலிகள் சாய்கிற சத்தம். சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார்கள். ஓடுகிறவன் பின்னால் ஈயும் ஓடியது. ஒரு பையன் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தே விட்டான்.

ஜெகதீஷ் மட்டும் நிறுத்தவில்லை. விற்பனைக்காரன் நிறுத்தக்கூடாது என்று எங்கோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாயோரம் ஈ உட்கார்ந்திருக்க, "இப்போ... இப்போ நேரடி டெமோ!" என்று கத்தி, மேடை ஓரம் நின்ற மாடல் பெண்ணைக் கைகாட்டினான். காவியா என்று பெயர், அத்திபெலேயிலிருந்து வந்திருந்தாள். அவன் அருகில் வந்து மூச்சை இழுத்துவிட்டு மயங்கிச் சாய வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடினாள். "சார், நானு பரோல்லா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, காருக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். நான் வரமாட்டேன் என்று அர்த்தம். தோப்பிலிருந்த எல்லா மொழிக்காரர்களுக்கும் புரிந்தது.

அந்தக் களேபரத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் முனிராஜ். அவர் ரஞ்சிதாவைத் தேடிக்கொண்டு பம்ப் ஷெட்டுக்கு வந்தார்.

"இன்னாங்க மேடம் இது! நம்ம தோப்பு ஆம்பள ஈ மொத்தமும் பந்தல்ல இருக்குது! இந்த பாட்டில் எத்தினி கொணாந்தீங்க? எல்லாத்தயும் இங்கியே வுட்டுட்டுப் போங்க, மரத்துக்கு ஒண்ணா கட்டிடறேன்."

"எடுத்துக்கோங்க," என்றாள் ரஞ்சிதா. "மேல மட்டும் போட்டுக்காதீங்க."

மதியத்துக்குள் அந்தக் காட்சி எல்லார் போனிலும் வந்துவிட்டது. ஜெகதீஷ் வாயோரம் ஈயோடு 'அதிகாரம்' என்று சொல்கிற இடத்தை வெட்டி, மத்தளம் சேர்த்து ஓடவிட்டார்கள். ஊர் சிரித்தது. சிரித்து முடித்ததும் பேனரில் இருந்த பெயரைப் படித்தது. யார் இந்த ரஞ்சிதா எம்.எஸ்ஸி.? எந்தக் காலேஜில் படித்தாள்? பட்டத்தை விலைக்கு வாங்கினாளா?

மறுநாள் பூபதி கூப்பிட்டார். ஜெகதீஷ் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"ஃபார்முலா உங்க பேர்லதானம்மா இருக்கு?" என்றார் பூபதி.

"பேனர்லதான் சார் இருக்கு. ஃபார்முலாவுல இல்ல. வேண்டாம்னு உங்ககிட்டயே வந்து சொன்னேன்."

பூபதி அதை மறந்துவிட்டிருந்தார், அல்லது மறந்துவிட முடிவு செய்திருந்தார். ஜெகதீஷ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "லேப்ல ஏதோ மிஸ்டேக் ஆயிருக்கும் சார். யாரையும் தப்பு சொல்ல முடியாது. டெக்னிக்கல் எரர்."

ரஞ்சிதா அவனைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. காலில் மிதிபட்டதைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேய்க்கப் புல் தேடுவோமே, அந்த மாதிரி ஓர் உணர்வுதான் வந்தது.

லேபில் நடந்த தவறுக்கு வருந்துகிறேன் என்று அவள் ஒரு சின்ன வீடியோ பேசிக் கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றார் பூபதி. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று எழுந்து வந்தாள்.

யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஷ் தன் அம்மாவோடு வீட்டுக்கே வந்தான். நல்ல உச்சி வெயில். தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் காரை மெயின் ரோட்டில் விட்டு நடந்து வந்திருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் மேல் சென்ட் இல்லை. ஈக்குப் பயந்துதான். நாகம்மாள் மின்விசிறியைக் கூட்டினாள், கலர் வாங்கி வரச் சொன்னாள். கருப்பசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ரஞ்சிதா எதிரில் உட்கார்ந்தாள். மின்விசிறிக் காற்று அவனைத் தொட்டு அவள் பக்கம் வந்தது. அந்த மரத்தூள் வாசனை, கொஞ்சம் உப்பு. அவள் உடம்பு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. வெட்கமில்லாமல் காதோரம் சூடேறியது. இவ்வளவு நடந்த பிறகுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மூக்குக்கு ஞாபகம் உண்டு, மானம் கிடையாது.

"ஒரே ஒரு நிமிஷம் ரஞ்சி," என்றான். "மிஸ்டேக் உன்னோடதுன்னு சொல்லிரு. நான் விழுந்தா நாளைக்கு நம்ம குடும்பம்தான விழும்?"

"பொம்பளப் பிள்ளைக்கு என்ன," என்றாள் அவன் அம்மா. "கல்யாணத்துக்கு அப்புறம் எப்படியும் வேலைய விடத்தான போறா. அவன்தான் பேரு எடுக்கணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் தாங்கிக்கிட்டா என்ன கொறஞ்சிரும்?"

ரஞ்சிதா அப்பாவைப் பார்த்தாள். கருப்பசாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேசிரும்மா. போனாப் போகுது. பூ வச்சாச்சு. ஊருல என்ன சொல்லுவாக?"

அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் ரஞ்சிதா ஜெகதீஷிடம். "உங்க உடம்பு வாசன எனக்குப் பிடிக்கும். ஆரம்பத்துல இருந்தே. நீங்க எதுவும் போட்டுக்காதப்போ. இப்பக்கூடப் பிடிக்குது."

நாகம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கருப்பசாமி இருமினார். ஆனால் ஜெகதீஷின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று அவள் ஒரு கணம் நினைத்ததும் உண்மை.

"எது?" என்றான். காலரை இழுத்து முகர்ந்தான். "இன்னிக்கு நான் எதுவுமே அடிக்கலயே. பழைய பேட்ச் சட்டையில ஒட்டியிருந்திருக்குமோ? யூஜினாலுக்கு முன்னாடி போட்டோமே, அந்த பேட்ச். அது வேல செய்யுதா? ரஞ்சி, நல்லா யோசிச்சு சொல்லு. அப்போ அதையே ரீலாஞ்ச் பண்ணிடலாம்!"

அவன் அம்மாவுக்கே மகனை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

ரஞ்சிதா எழுந்தாள்.

"அந்த வாசன எங்க இருந்து வருதுன்னு உங்களுக்கு எப்பவுமே தெரியப் போறதில்ல. எனக்குப் பிடிச்சிருக்கு, சரி. பிடிச்சா என்ன? மோப்பம் பிடிச்சு வந்து பைக்குள்ள விழுறதுக்கு நான் பூச்சி இல்ல. வீடியோவும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்க."

"என்னங்க இது, உங்க பொண்ணு..." என்று ஜெகதீஷின் அம்மா கருப்பசாமியிடம் திரும்பினாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நாகம்மாள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பூ வைத்த அன்று கொடுத்த புடவையைக் கொண்டு வந்து, தாம்பாளத்தில் வைத்து, அவர்கள் முன்னால் நகர்த்தினாள்.

"வெயில் தாழ வேண்டாம்," என்றாள். "இப்பவே போனா என்ன?"

அவர்கள் கலரைக்கூடக் குடிக்காமல் போனார்கள்.

ரஞ்சிதா வீடியோ பேசினாள், ஆனால் பூபதி கேட்டதை அல்ல. ஒரு மாங்காய்ப் பொறியைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன, இதில் இருப்பது என்ன, எந்த ஈ எதற்காக வருகிறது, இதை உடம்பில் ஏன் பூசக்கூடாது, பேனரில் இருந்த பெயர் தன் சம்மதம் இல்லாமல் போடப்பட்டது என்று நிதானமாகச் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. அவசியமும் இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் முதலில் சிரிப்பதற்காகத்தான் அதைப் பார்த்தார்கள். பிறகு பர்கூர், போச்சம்பள்ளி, சந்தூர் பக்கத்து விவசாயிகள் பார்த்தார்கள். பூபதி முதலில் நீக்கச் சொல்லி மிரட்டினார். பொறிக்கு ஆர்டர் குவியத் தொடங்கியதும் நீக்க வேண்டாம் என்று கெஞ்சினார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார் என்பதுதான் அந்த மனிதரின் திறமை. அவள் ராஜினாமா கொடுத்துவிட்டு, கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் சேர்ந்தாள். ஓசூரிலிருந்து தினம் பஸ். கூட்டம்தான். ஆனால் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் சுகம்.

வேந்தனைச் சத்தமில்லாமல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெகதீஷ் இப்போது எல்லையைத் தாண்டிச் சந்தாபுராவில் ஆண்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறான். 'அவமானத்தை வெல்வது எப்படி' என்பது தலைப்பு. தோப்பில் நடந்ததை உதாரணமாகச் சொல்கிறானாம். அவன் சொல்லும் கதையில் ஈக்களைப் போட்டிக் கம்பெனிக்காரன் ஏவிவிட்டதாக வருகிறது. வகுப்புக்கு நல்ல கூட்டம் என்று சென்னம்மா போனில் சொன்னபோது ரஞ்சிதா ஆச்சரியப்படவில்லை.

கருப்பசாமி சில மாதம் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார்.

"மத்தூர்ல ஒருத்தர் போன் பண்ணாரு," என்றார். "நம்ம நம்பர் எப்படிக் கிடைச்சுதோ. கத்திரிக்காய்க்கு எந்தப் பொறி கட்டணும்னு கேக்காரு. நீ வந்ததும் பேசுவன்னு சொல்லியிருக்கேன்."

"சரிப்பா."

"நல்லா வெளங்குற மாதிரி சொல்லு. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியல."

ரஞ்சிதா பையை இறக்கி வைத்துவிட்டு அவர் நீட்டிய போனை வாங்கினாள்.